நடுவரை வேண்டிய எதிர்க்கட்சி: கென்யா, 2008

பகைத்து நிற்கும் இருவரிடையே புகுந்து இணக்கம் காண்பதைப் பண்டைத் தமிழ் 'சந்து செய்வித்தல்' என வழங்கிற்று. தூதினின்றும் இது வேறானது. தூதர் ஒருவர் பொருட்டுப் பேசுவார். சந்து செய்விப்பவரோ இருவர்க்கும் பொதுவாய் நிற்பார். அத்தகைய ஒருவரை நாட்டிற்கு வெளியிலிருந்து வேண்டி நிற்றல் ஒரு கட்சிக்கு வலிமையா, வலிமையின்மையா? இவ்வினாவை ஆராய்வதற்குக் கென்ய நாட்டின் வரலாறு தக்கதொரு களமாகும்.

கென்யாவில் 2007 டிசம்பர் 27 அன்று பொதுத்தேர்தல் நிகழ்ந்தது. குடியரசுத் தலைவர் முவாய் கிபாக்கியை எதிர்த்து ஆரஞ்சு சனநாயக இயக்கத்தின் தலைவர் ரைலா ஒடிங்கா நின்றார். 2005ஆம் ஆண்டில் அரசு முன்வைத்த அரசியலமைப்பு வரைவை மறுத்தோர்க்கு வாக்குச் சின்னமாய் அமைந்தது ஆரஞ்சுப் பழம். இயக்கத்தின் பெயரும் அதனடியாகப் பிறந்ததே. டிசம்பர் 30 அன்று கிபாக்கிக்கு 45,84,721 வாக்குகளும் ஒடிங்காவுக்கு 43,52,993 வாக்குகளும் கிடைத்ததாகத் தேர்தல் ஆணையம் அறிவித்தது. தொடக்கத்தில் முன்னிலையில் இருந்தவர் ஒடிங்கா. அறிவிப்பு வந்த மாலையிலேயே கிபாக்கி பதவியுறுதி ஏற்றார். நாடாளுமன்றத்திலோ ஒடிங்காவின் கட்சி 99 இடங்களைப் பெற, கிபாக்கியின் கட்சி 43 இடங்களையே பெற்றது. ஐயம் கலகமாயிற்று. எல்டோரெட் நகருக்கு அணித்தேயுள்ள கியம்பாவில், அடைக்கலம் புகுந்தோருடன் தேவாலயம் ஒன்று 2008 சனவரி 1 அன்று எரிக்கப்பட்டது. காவல்துறையின் துப்பாக்கியும் பல உயிர்களைக் குடித்தது. ஈரண்டு மாதங்களில் 1,100 பேருக்கு மேல் மாண்டனர், இலட்சக்கணக்கானோர் வீடிழந்தனர்.

குறையுண்டெனில் நீதிமன்றம் செல்க என்றது அரசு. எதிர்க்கட்சி மறுத்தது. மறுப்பிற்குப் பின்னே ஒரு வரலாறு உண்டு. 1992 தேர்தலை எதிர்த்துக் கென்னத் மாட்டிபா தொடுத்த மனுவில், நோயுற்றிருந்த அவர்க்காக அவர் மனைவி கையொப்பமிட்டார். மனுதாரர் தம் கையால் ஒப்பமிடவில்லை என்று அது தள்ளப்பட்டது. 1997 தேர்தலை எதிர்த்துத் தொடுக்கப்பட்ட மனுவோ, அப்போதைய தலைவர் டேனியல் அராப் மோயிடம் நேரிற் சேர்ப்பிக்கப்படவில்லை எனத் தள்ளுண்டது. அம்மனுவைத் தொடுத்தவர் முவாய் கிபாக்கியே என்பது ஈண்டு நினைவிற் கொள்ளத்தக்கது. எவ்வாயில் தமக்கு அடைபட்டதோ, அவ்வாயிலையே அவர் இப்போது பிறர்க்குக் காட்டினார்.

மற்றொரு காரணமும் உண்டு. 2002ஆம் ஆண்டில் கிபாக்கியும் ஒடிங்காவும் ஓரணியில் நின்றவர்கள். அதிகாரப் பகிர்வு குறித்து அவ்வணியினர் எழுதிக்கொண்ட உடன்படிக்கை, வெற்றிக்குப்பின் காற்றில் விடப்பட்டது என்பது ஒடிங்கா தரப்பின் நீங்காத மனக்குறை. ஆகவே நீதிமன்றமும் வேண்டா, சாட்சியற்ற உடன்படிக்கையும் வேண்டா என்னும் நிலைக்குக் கட்சி வந்தது. வெளியார் ஒருவர் நடுவிருத்தல் வேண்டும் என்று அது வற்புறுத்தியதன் உட்பொருள் இதுவே.

ஆப்பிரிக்க ஒன்றியத்தின் தலைவராயிருந்த கானா நாட்டு சான் குஃபூர் சனவரித் தொடக்கத்தில் வந்தார். அவர் வருகையை முன்னிட்டு எதிர்க்கட்சி தன் பேரணிகளைக் கைவிட்டது. அவர் வந்த நாளிலேயே கிபாக்கி அமைச்சரவையின் ஒரு பகுதியை அறிவித்தார். முயற்சி கைகூடவில்லை, பேரணிகள் மீண்டன. சனவரி 22 அன்று கோஃபி அன்னான் நைரோபி வந்தார். கிராசா மாஷெல், பெஞ்சமின் எம்காப்பா ஆகியோர் உடன் அமர்ந்தனர். 24 அன்று இரு தலைவர்களும் கைகுலுக்கினர். அவ்வமயம் கிபாக்கி தம்மை முறைப்படித் தேர்வுற்ற தலைவர் எனக் கூறிக்கொள்ள, அச்சொல்லுக்கே எதிர்க்கட்சி கண்டனம் தெரிவித்தது. எந்தச் சொல் எவ்வளவு சுமக்கும் என்பதை அவர்கள் அறிந்திருந்தனர்.

பேச்சு சனவரி 29 அன்று முறையாகத் தொடங்கியது. அன்றுதான் அக்கட்சியின் நாடாளுமன்ற உறுப்பினர் முகாபே வேரே சுட்டுக் கொல்லப்பட்டார். இரண்டு நாளில் மற்றோர் உறுப்பினரும் கொல்லப்பட்டார். ஆயினும் கட்சி பேச்சினின்றும் விலகவில்லை. கிபாக்கி விலகுக என்றும், மறுதேர்தல் வேண்டும் என்றும் எழுந்த முழக்கங்கள் மெல்ல அடங்கி, மெய்யான அதிகாரப் பகிர்வு என்னும் ஒரு கோரிக்கையில் வந்து நின்றன. தலைமையமைச்சர்க்கு எவ்வளவு அதிகாரம் என்பதில் பேச்சு முட்டுப்பட்டது. பிப்ரவரி 26 அன்று அன்னான் குழுக்களின் பேச்சை நிறுத்திவைத்து, தலைவர்கள் இருவரையும் நேரே எதிர்கொண்டார். 28 அன்று, தான்சானியத் தலைவர் கிக்வெட்டேயும் உடனிருக்க, உடன்படிக்கை கையொப்பமாயிற்று. அரசின் பணிகளை ஒருங்கிணைத்து மேற்பார்க்கும் உரிமை தலைமையமைச்சர்க்குக் கிடைத்தது. அவரைக் குடியரசுத் தலைவர் நீக்க இயலாது, நாடாளுமன்றமே நீக்கலாம் என்பதும் உறுதியாயிற்று. மார்ச் 18 அன்று நாடாளுமன்றம் இதனைச் சட்டமாக்கி, அரசியலமைப்பிலும் பதித்தது. 2002இல் பெற்ற பாடம் இங்கே பயன் தந்தது.

இதற்கு ஈந்த விலை சிறிதன்று. கிரீக்லர் ஆணையம், வாக்கெண்ணிக்கை சீர்செய்யவொண்ணாதவாறு மாசுபட்டது, வென்றவர் யாரெனத் துணிதல் இயலாது என அறிவித்தது. வென்றோம் என்ற கட்சியின் கூற்று மெய்யெனவும் நிறுவப்படவில்லை, பொய்யெனவும் நிறுவப்படவில்லை. அமைச்சர் எண்ணிக்கை 40 ஆகப் பெருகிற்று. மாண்டோர்க்கோ நீதி வாய்க்கவில்லை. பன்னாட்டுக் குற்றவியல் நீதிமன்றத்தில் அறுவர்மீது எழுந்த வழக்குகளுள் ஒன்றேனும் தண்டனையில் முடியவில்லை. தலைவர்களுக்கு இருக்கையும் குடிமக்களுக்குப் புதைகுழியும் பகிர்ந்தளிக்கப்பட்டன என்னும் குற்றச்சாட்டை எளிதில் தள்ளிவிட இயலாது.

எனினும் அவ்வுடன்படிக்கை நாட்காலியோடு நின்றுவிடவில்லை. அடிப்படைச் சீர்திருத்தங்களையும் அது பேச்சின் பொருளாக்கிற்று. அவ்வழியே 2010 ஆகஸ்டு 27 அன்று புதிய அரசியலமைப்பு நடைமுறைக்கு வந்தது. உச்ச நீதிமன்றம் ஒன்றும் தோன்றியது. 2013இல் ஒடிங்கா வீதியை விடுத்து அம்மன்றத்தை அணுகினார்; தோற்றார்; தீர்ப்பை ஏற்றார். 2017 செப்டம்பர் 1 அன்று அதே மன்றம் குடியரசுத் தலைவர் தேர்தலைச் செல்லாதென அறிவித்தது. ஒப்பமும் சேர்ப்பும் காட்டி மனுக்களைத் தள்ளிய நாட்டில் இது நிகழ்ந்தது.

நடுவரை வேண்டியது அக்கட்சியின் வலிமையின்மை அன்று. உள்நாட்டில் நடுநிலை இல்லாமையின் அறிகுறி. நடுவர் தந்தது வெற்றியும் அன்று. அடுத்தமுறை வெளியாரை வேண்டாதிருத்தற்கு ஒரு வழி. அவ்வழிக்கு முன்பணம் செலுத்தியவர்கள் பெயர் எவ்வுடன்படிக்கையிலும் இடம்பெறவில்லை என்பதை வரலாறு எழுதுவோர் மறத்தலாகாது.