காஓர்: கறுப்பு ஒயினும் லொட் பள்ளத்தாக்கும்

காஓர் என்பது தென்மேற்குப் பிரான்சில், துலூஸ் நகருக்கு வடக்கே ஏறத்தாழ 100 கி.மீ. தொலைவில் உள்ள பழைய நகரம். அந்நகரைச் சுற்றி, லொட் ஆற்றின் இருபுறமும் விளையும் அடர்சிவப்பு ஒயினுக்கும் அதே பெயர். கண்ணாடிக் கோப்பையில் ஊற்றினால் மறுபக்கம் தெரியாது. நடுவில் மை போலக் கருமையாகவும் விளிம்பில் ஊதாவாகவும் நிற்கும். இதனாலேயே 'கறுப்பு ஒயின்' என்று புகழ்பெற்றது.

இந்த நிறத்தைத் தருவது மால்பெக் திராட்சையின் தோல். உள்ளூரில் இதைக் கோ, ஓக்செருவா என்றும் அழைப்பர். தோலில் நிறமும் துவர்ப்புத் தரும் டானினும் மிகுதி. பூக்கும் பருவத்தில் குளிரோ மழையோ வந்தால் பூக்கள் உதிர்ந்து காய்ப்பு குறைந்துவிடும். பயிரிடுவோருக்கு இது ஓயாத கவலை.

உரோமானியர் காலத்திலேயே இங்குத் திராட்சை பயிரானது. 1152-இல் அக்கித்தேன் நாட்டு எலியனோர் ஹென்றி பிளான்டஜெனெட்டை மணந்தார். இரண்டே ஆண்டுகளில் ஹென்றி இங்கிலாந்தின் அரசரானதும், தென்மேற்குப் பிரான்சின் ஒயினுக்கு லண்டன் சந்தை திறந்தது. ஆனால் காஓரின் பீப்பாய்கள் படகேறி, லொட் ஆற்றிலிருந்து கரோன் ஆற்றில் இறங்கி, போர்தோ துறைமுகத்தைத் தாண்டித்தான் கடலுக்குப் போக முடியும். அங்கேதான் சிக்கல். போர்தோ வணிகர்கள் அரசரிடம் சலுகைகள் பெற்று, தங்கள் ஒயின் விற்றுத் தீரும்வரை ஆற்றின் மேற்பகுதியிலிருந்து வரும் சரக்கை உள்ளே விடாமல் தடுத்தனர். முதலில் நவம்பர் 11 வரையிலும், பின்னர் கிறிஸ்துமஸ் வரையிலும் காத்திருக்க வேண்டியிருந்தது. அதற்குள் வாங்க வந்த கப்பல்கள் திரும்பிவிடும். அப்பகுதியில் இங்கிலாந்தின் ஆட்சி போன பிறகும் இந்த அநீதி நூற்றாண்டுக் கணக்கில் நீடித்தது. 1776-இல் அமைச்சர் தூர்கோ இதை ஒழிக்க ஆணையிட்டார். போர்தோ அதையும் எதிர்த்தது. காஓர் தன் தரத்துக்குரிய புகழை அடையாமல் போனதற்கு மண்ணைவிட இந்த ஆற்றுவழி அரசியலே பெரிய காரணம்.

தடுத்த போர்தோவே காஓர் ஒயினைத் தேடியும் வந்தது. வெளிறிய தன் ஒயின்களுக்கு நிறமும் திடமும் ஏற்றக் காஓரைக் கலந்தனர். அந்தத் தேவைக்காகவே, திராட்சையின் ஒரு பங்கை அடுப்பில் வாட்டியும் சாற்றைக் கொதிக்க வைத்தும் இன்னும் கருமையான ஒயின் செய்ததாக 19ஆம் நூற்றாண்டுக் குறிப்புகள் சொல்கின்றன. ரஷ்யத் திருச்சபையின் நற்கருணையில் பயன்படும் இனிப்பான 'ககோர்' ஒயினுக்கும் இந்நகரின் பெயரே மூலம்.

1870களின் பிற்பகுதியில் வேரைத் தின்னும் ஃபிலாக்சரா பூச்சி வந்து தோட்டங்களை அழித்தது. அமெரிக்க வேர்த்தண்டில் ஒட்டுக்கட்டி மீண்டும் நட்டனர். ஆனால் எளிதாகக் காய்க்கும் மட்டமான கலப்பினங்களே பல இடங்களில் பரவின. 1947-இல் பர்னாக் ஊரில் தொடங்கிய கூட்டுறவுச் சங்கம் மால்பெக்கை மீட்கத் தொடங்கியது. 1956 பிப்ரவரியில் கடும் உறைபனி கொடிகளைக் கொன்றது. பேரிழப்புதான், ஆனாலும் புதிதாக நட்டவர்கள் பெரும்பாலும் மால்பெக்கையே தேர்ந்தெடுத்தனர். இன்றைய காஓர் அங்கிருந்துதான் எழுந்தது. 1971-இல் அரசின் புவிசார் பெயர்ப் பாதுகாப்புக் கிடைத்தது. விதிப்படி குறைந்தது 70 விழுக்காடு மால்பெக் இருக்க வேண்டும். மீதிக்கு மெர்லோ, தனா திராட்சைகளைச் சேர்க்கலாம்.

ஆற்றோரப் படிநிலங்களில் விளைவது சற்று மென்மை. மேலேயுள்ள சுண்ணாம்புக்கல் மேட்டில் விளைவது இறுக்கமானது, பல ஆண்டுகள் வைத்திருந்து குடிக்கத் தக்கது. இளம் ஒயின் நாக்கைப் பிடிக்கும். கொழுப்பில் பதப்படுத்திய வாத்து இறைச்சியுடன் அந்தத் துவர்ப்பு அடங்கிவிடும்.

1853-இல் மிஷேல் பூஷே என்ற பிரெஞ்சு வேளாண் அறிஞரின் வழியாக மால்பெக் அர்ஜென்டினாவின் மெண்டோசாவுக்குச் சென்றது. உலக மால்பெக் பரப்பில் பெரும்பகுதி இப்போது அங்கேதான். மெண்டோசாவின் ஒயினில் பழச்சுவை முந்தி நிற்கும். மண்வாசனையும் துவர்ப்பும் வேண்டுவோருக்குக் காஓரே உரியது. காஓர் என்ற பெயர் சிவப்பு ஒயினுக்கு மட்டுமே உண்டு; அதே நிலத்தின் வெள்ளை, ரோஸ் ஒயின்கள் 'கோத் து லொட்' போன்ற வேறு பெயர்களில் விற்கப்படுகின்றன.