பச்சிளங்குழந்தைக் குருதிநச்சு: ஆய்வக அறிதலின் வரலாறு

பச்சிளங்குழந்தைக் குருதிநச்சு (செப்சிஸ்) என்பது பிறந்து 28 நாட்களுக்குள் குழந்தையின் இரத்தத்தில் நுண்ணுயிர்கள் புகுந்து உடல் முழுவதையும் பாதிக்கும் நோயாகும். பால் குடிக்க மறுத்தல், உடல் குளிர்தல், சோர்வு, மூச்சுத்திணறல் போன்ற இதன் அறிகுறிகள் வேறு நோய்களிலும் காணப்படும். இதனால் நோயை உறுதிசெய்ய மருத்துவர்கள் இரத்தப் பரிசோதனையையே பெரிதும் நம்பியுள்ளனர்.

யேல் பதிவேடு

அமெரிக்காவின் நியூ ஹேவன் நகரில், யேல் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த மருத்துவமனையில் இந்நோய் பற்றிய தரவுகள் 1928 முதல் தொகுக்கப்பட்டு வருகின்றன. மருத்துவர் எத்தல் டன்னம் 1933-இல் இதன் முதல் அறிக்கையை வெளியிட்டார். அக்காலத்தில் ஸ்ட்ரெப்டோகாக்கஸ், ஸ்டேபிலோகாக்கஸ் ஆரியஸ், எசரிக்கியா கோலி ஆகியவை முதன்மையாகக் காணப்பட்டன. நுண்ணுயிர் எதிர்ப்பு மருந்துகள் வந்த பின்னர் 1940-களிலும் 1950-களிலும் எசரிக்கியா கோலி முன்னிலை பெற்றது. 1970-களில் பி பிரிவு ஸ்ட்ரெப்டோகாக்கஸ் பெருகியது. எடை குறைந்த, குறைமாதக் குழந்தைகள் பிழைக்கத் தொடங்கியதும், நெடுநாள் தீவிர சிகிச்சையில் இருப்போரைத் தாக்கும் தோல்வாழ் ஸ்டேபிலோகாக்கஸ் வகைகள் மிகுந்தன. இந்நோயால் ஏற்பட்ட இறப்பு விகிதம் 1928-இல் 87 விழுக்காடாக இருந்து 2003-இல் 3 விழுக்காடாகக் குறைந்தது.

மருந்தே தீங்கான காலம்

நோயை உறுதிசெய்யும் முன்னரே தடுப்பு மருந்து கொடுக்கும் வழக்கம் சில துயரங்களுக்குக் காரணமானது. 1956-இல் வெளியான நியூயார்க் ஆய்வில், சல்ஃபா மருந்து பெற்ற குறைமாதக் குழந்தைகளிடையே மஞ்சள் காமாலை நிறமி மூளையில் படிந்து ஏற்படும் இறப்பு மிகுந்திருந்தது. 1959-இல் வெளியான மற்றோர் ஆய்வில், தடுப்புக்காகக் குளோரம்பெனிக்கால் பெற்ற குழந்தைகள், அதைப் பெறாதவர்களைவிட அதிக அளவில் இறந்தது தெரியவந்தது. முதிராத கல்லீரலால் அம்மருந்தை மாற்றி வெளியேற்ற இயலாததே காரணம். தோல் சாம்பல் நிறமானதால் இது 'சாம்பல் குழந்தை நோய்க்குறி' எனப்பட்டது.

வெள்ளணுக்களின் சான்று

இரத்த வளர்ப்புச் சோதனையின் முடிவு வர ஓரிரு நாட்களாகும். குழந்தையிடமிருந்து எடுக்கக்கூடிய இரத்தமும் மிகக் குறைவு. எனவே கிருமி இருந்தும் வளராமல் போகலாம். இக்குறையை ஈடுசெய்ய இரத்த அணுக்கள் ஆராயப்பட்டன. பிறந்த சில மணி நேரங்களில் நியூட்ரோபில் எண்ணிக்கை இயல்பாகவே ஏறி இறங்கும். ஆகவே மன்ரோ குழுவினர் 1979-இல் வயதுக்கேற்ற இயல்பு அளவுகளை வகுத்தனர். முதிராத நியூட்ரோபில்களுக்கும் மொத்த நியூட்ரோபில்களுக்கும் உள்ள விகிதம் முக்கிய குறியீடாயிற்று, பொதுவாக 0.2-க்கு மேற்பட்டால் ஐயம் எழும். 1988-இல் ராட்வெல் குழுவினர் தட்டணு எண்ணிக்கை உட்பட ஏழு குறியீடுகளுக்கு மதிப்பெண் அளித்தனர். குறைந்த மதிப்பெண் நோயில்லை என்று கருதவே பெரிதும் உதவியது. அதிக மதிப்பெண் மட்டும் நோயை உறுதிப்படுத்தவில்லை. 1930-இல் கண்டறியப்பட்ட சி-வினைப் புரதமும் பின்னர் இச்சோதனைகளில் சேர்ந்தது. நோய் தொடங்கிச் சில மணி நேரம் கழித்தே இது உயர்வதால், ஒரே அளவீட்டைவிடத் தொடர் அளவீடு பயனுடையது.

தடுப்பும் இந்திய நிலையும்

பி பிரிவு ஸ்ட்ரெப்டோகாக்கஸ் தாயிடமிருந்து பிரசவத்தின்போது தொற்றுவதால், பிரசவ வேளையில் தாய்க்கே மருந்தளிக்கும் வழிகாட்டுதல் அமெரிக்காவில் 1996-இல் வந்தது. 2002-இல் எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் பரிசோதனை பரிந்துரைக்கப்பட்டது. முதல் வாரத்தில் தோன்றும் இத்தொற்று அங்கு வெகுவாகக் குறைந்தது.

இந்தியாவில் நிலை வேறு. டெல்லியின் மூன்று மருத்துவமனைகளில் 2011 முதல் 2014 வரை நடந்து 2016-இல் வெளியான ஆய்வில், அசினிட்டோபாக்டர் 22, கிளெப்சியெல்லா 17, எசரிக்கியா கோலி 14 விழுக்காடு எனக் கண்டறியப்பட்டன. நோய் நிகழ்வுகளில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு முதல் 72 மணி நேரத்திலேயே தோன்றின. பல மருந்துகளுக்குக் கட்டுப்படாத கிருமிகள் இவற்றில் மிகுந்திருந்தன. ஓர் நாட்டின் கிருமிப் பட்டியல் மற்றொரு நாட்டுக்குப் பொருந்தாது என்பதால், ஒவ்வொரு மருத்துவமனையும் தன் வளர்ப்புச் சோதனை முடிவுகளைத் தொடர்ந்து தொகுப்பது மருந்துத் தேர்வுக்கு அடிப்படையாகிறது.