வெளிநாட்டு வேலைக்குப் போறீங்களா? அங்கே உடம்புக்கு முடியலைன்னா ஆஸ்பத்திரிச் செலவு யாருடையது? முழு விவரம்

ஏற்காடு மலையில் காபித் தோட்டங்களுக்கும் மிளகுக் கொடிகளுக்கும் நடுவே இருக்கும் ஊர் கரடியூர். நள்ளிரவில் இங்கே ஒருவருக்கு நெஞ்சுவலி வந்தால் என்ன செய்யணும் என்று எல்லோருக்கும் தெரியும். 108-க்கு போன் அடிக்கணும். ஏற்காடு அரசு மருத்துவமனையில் முதலுதவி. அங்கே முடியாது என்றால், 20 கொண்டை ஊசி வளைவுகளும் இறங்கி சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. வழி கொஞ்சம் கஷ்டம்தான். ஆனால் தெரிந்த வழி. ஆபரேஷன் என்றாலும் முதலமைச்சர் காப்பீட்டு அட்டை கையில் இருக்கிறது.

இதே வீட்டுப் பையன் துபாயிலோ சிங்கப்பூரிலோ வேலை பார்க்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அங்கே ஆஸ்பத்திரி கவுன்டரில் முதலில் கேட்கும் கேள்வியே, "இன்சூரன்ஸ் கார்டு இருக்கா?" என்பதுதான். 'இல்லை' என்று பதில் சொல்ல நேர்ந்தால், ஊரில் நகை அடகுக்குப் போகும்.

வெளிநாட்டில் வேலை செய்யும் தமிழர்களுக்கு எந்த நாட்டில் என்ன காப்பீடு? செலவு யார் பொறுப்பு? கிளம்பும் முன் எதைச் சரிபார்க்க வேண்டும்? இந்தத் தொகுப்பில் பார்க்கலாம்.

ஊர்க் காப்பீட்டு அட்டை அங்கே செல்லுமா?

செல்லாது. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை தருகிறது. ஆண்டு வருமானம் 1.20 லட்சம் ரூபாய்க்குள் இருக்கும் குடும்பங்கள் இதில் சேரலாம். ஆனால், திட்டத்தில் இணைக்கப்பட்ட மருத்துவமனைகளில் மட்டுமே இது செல்லும். அந்தப் பட்டியலில் துபாயும் இல்லை, கோலாலம்பூரும் இல்லை.

இந்தியாவில் எடுத்த சாதாரண தனியார் ஹெல்த் பாலிசிகளும் பெரும்பாலும் இந்தியாவுக்குள் நடக்கும் சிகிச்சைக்கு மட்டும்தான். 'டிராவல் இன்சூரன்ஸ்' சுற்றுலா போகிறவர்களுக்கானது. இரண்டு வருஷ ஒப்பந்தத்தில் வேலைக்குப் போகிறவர் அதை நம்பியிருக்க முடியாது.

பாஸ்போர்ட்டில் 'இ.சி.ஆர்.' இருக்கிறதா?

10-ஆம் வகுப்பு தேர்ச்சி பெறாதவர்களின் பாஸ்போர்ட் பொதுவாக 'இ.சி.ஆர்.' வகை. அதாவது, ஐக்கிய அரபு அமீரகம், சவுதி, குவைத், கத்தார், ஓமன், பஹ்ரைன், மலேசியா உள்ளிட்ட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போக, குடிபெயர்வோர் பாதுகாப்பு அலுவலகத்தின் அனுமதி வேண்டும். 1983-ஆம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டத்தில் வந்த ஏற்பாடு இது. இப்போது 'இ-மைக்ரேட்' தளம் வழியாக நடக்கிறது.

இந்த அனுமதி வாங்கும்போது கட்டாயமாக எடுக்க வேண்டியதுதான் 'பிரவாசி பாரதிய பீமா யோஜனா' என்ற மத்திய அரசின் காப்பீடு. 2003-ல் தொடங்கி, 2017-ல் திருத்தப்பட்டது. பிரீமியம் 2 ஆண்டுக்கு 275 ரூபாய், 3 ஆண்டுக்கு 375 ரூபாய். வரி தனி.

இந்தக் காசுக்கு என்ன கிடைக்கும்?

• விபத்தில் மரணம் அல்லது நிரந்தர ஊனம் ஏற்பட்டால் 10 லட்சம் ரூபாய்.
• நோய் அல்லது காயத்துக்கு மருத்துவச் செலவு 1 லட்சம் ரூபாய் வரை. ஒருமுறை ஆஸ்பத்திரியில் சேர்ந்தால் அதிகபட்சம் 50,000 ரூபாய்.
• போன இடத்தில் 'மெடிக்கல் அன்ஃபிட்' என்று திருப்பி அனுப்பினால், விதிகளுக்கு உட்பட்டு ஊர் திரும்ப விமானக் கட்டணம்.
• வேலை தொடர்பான வழக்குச் செலவுக்கு 45,000 ரூபாய் வரை.
• பெண் தொழிலாளர்களுக்குப் பிரசவச் செலவிலும் ஒரு பங்கு.

சிக்கல் என்னவென்றால், இந்தப் பாலிசி தன் பெயரில் இருப்பதே பலருக்குத் தெரியாது. ஏஜென்ட் ஆன்லைனில் எடுத்துவிடுவார், காகிதம் வீட்டுக்கு வராது. தெரியாத பாலிசிக்கு யாரும் க்ளைம் போட முடியாது. அதனால், கிளம்பும் முன் பாலிசி நகலைக் கேட்டு வாங்கி ஒரு பிரதியை வீட்டில் வைக்க வேண்டும். இரண்டாவது விஷயம், ஒப்பந்தம் நீட்டிக்கப்பட்டாலும் பாலிசி தானாக நீளாது. 2 அல்லது 3 ஆண்டு முடிந்ததும் புதுப்பிக்க வேண்டும்.

10-ஆம் வகுப்பு தேர்ச்சி பெற்றவர்களுக்கு இந்த அனுமதி தேவையில்லை. அதனால் இந்தக் கட்டாயக் காப்பீடும் அவர்களுக்குக் கிடையாது. அவர்கள் முழுக்க முழுக்கப் போகும் நாட்டின் சட்டத்தையும் கம்பெனியையும்தான் நம்பியிருக்கிறார்கள்.

எந்த நாட்டில் என்ன விதி?

ஐக்கிய அரபு அமீரகம்: அபுதாபி, துபாய் இரண்டிலும் மருத்துவக் காப்பீடு ஏற்கெனவே கட்டாயம். துபாயில் 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி படிப்படியாக நடைமுறைக்கு வந்தது. சார்ஜா, அஜ்மான், உம் அல் குவைன், ராஸ் அல் கைமா, புஜைரா ஆகிய மற்ற ஐந்து எமிரேட்களில் 2025 ஜனவரி 1 முதல் தனியார் நிறுவன ஊழியர்களுக்கும் வீட்டு வேலையாட்களுக்கும் கட்டாயமானது. இங்கே அடிப்படைத் திட்டத்தின் விலை ஆண்டுக்கு 320 திர்ஹாம். ஆஸ்பத்திரியில் சேர்ந்தால் பில்லில் 20 சதவீதத்தை நோயாளி கட்ட வேண்டும். ஆனால் ஒரு தடவைக்கு 500 திர்ஹாம், ஆண்டுக்கு 1,000 திர்ஹாம் என உச்சவரம்பு உண்டு. வெளிநோயாளியாகப் போனால் 25 சதவீதம், அதிகபட்சம் 100 திர்ஹாம்.

முக்கியமானது: ஊழியரின் பிரீமியத்தைக் கட்ட வேண்டியது முதலாளிதான். சம்பளத்தில் பிடிக்கக் கூடாது. மனைவி, பிள்ளைகளை அழைத்துப் போனால், அவர்களுக்கான காப்பீடு பொதுவாக அழைத்துப்போகிறவர் பொறுப்பு.

சவுதி அரேபியா: தனியார் நிறுவனங்களில் வேலை செய்யும் வெளிநாட்டவருக்கும், உடன் இருக்கும் குடும்பத்தினருக்கும் முதலாளியே காப்பீடு எடுக்க வேண்டும். இக்காமா புதுப்பிப்பதோடு இது இணைக்கப்பட்டிருக்கிறது. வீட்டு டிரைவர், வீட்டு வேலை ஆகியவற்றுக்கு விதிகள் வேறு. அந்த வேலைக்குப் போகிறவர்கள் ஒப்பந்தத்தில் மருத்துவச் செலவு பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று தனியாகக் கேட்க வேண்டும்.

குவைத்: ரெசிடென்சி எடுக்கும்போதும் புதுப்பிக்கும்போதும் சுகாதாரக் காப்பீட்டுக் கட்டணம் செலுத்தியாக வேண்டும்.

சிங்கப்பூர்: வொர்க் பெர்மிட், எஸ் பாஸ் வைத்திருப்பவர்களுக்கு முதலாளி மருத்துவக் காப்பீடு எடுப்பது கட்டாயம். முன்பு ஆண்டுக்கு 15,000 சிங்கப்பூர் டாலராக இருந்த குறைந்தபட்ச வரம்பு, 2023 ஜூலை 1 முதல் 60,000 டாலராக உயர்ந்தது. முதல் 15,000 டாலருக்கு மேல் போகும் தொகையில் 25 சதவீதத்தை முதலாளி ஏற்க வேண்டும், 75 சதவீதத்தைக் காப்பீட்டு நிறுவனம் தரும். இது உள்நோயாளி சிகிச்சைக்கும், அன்றே வீடு திரும்பும் அறுவை சிகிச்சைக்கும். உள்ளூர் மக்களுக்கான மானியம் வெளிநாட்டுத் தொழிலாளிக்கு இல்லை. அதனால்தான் இந்தத் தொகை முக்கியமாகிறது.

மலேசியா: வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்கான மருத்துவமனை, அறுவை சிகிச்சைக் காப்பீடு 2011-ல் வந்தது. 2019 ஜனவரி முதல் 'சொக்சோ' எனும் சமூகப் பாதுகாப்பு அமைப்பின் வேலைவிபத்துத் திட்டத்திலும் சேர்க்கப்பட்டார்கள். அரசு மருத்துவமனையிலும் வெளிநாட்டவருக்குக் கட்டணம் அதிகம். 'கவர்ன்மென்ட் ஆஸ்பத்திரிதானே' என்று நினைத்துப் போனால் பில் அதிர வைக்கும்.

படிக்கப் போகும் மாணவர்கள், நர்ஸ்கள்?

பிரிட்டனில் ஆறு மாதத்துக்கு மேல் தங்கும் விசாவுக்கு விண்ணப்பிக்கும்போதே சுகாதாரக் கட்டணம் கட்ட வேண்டும். 2024 பிப்ரவரி 6 முதல் பெரியவர்களுக்கு ஆண்டுக்கு 1,035 பவுண்டு, மாணவர்களுக்கு 776 பவுண்டு. விசா எத்தனை ஆண்டோ அத்தனைக்கும் முன்கூட்டியே மொத்தமாகக் கட்டணும். நர்ஸ்கள் போகும் சுகாதாரப் பணியாளர் விசாவுக்கு விலக்கு உண்டு. கட்டணம் கட்டியவர்கள் அரசு மருத்துவ சேவையான என்.எச்.எஸ்.ஸைப் பயன்படுத்தலாம். பல் சிகிச்சைக்குத் தனிச் செலவு உண்டு.

ஆஸ்திரேலியாவில் மாணவர் விசாவுக்கு அந்நாட்டு மாணவர் காப்பீடு கட்டாயம். ஐரோப்பாவின் ஷெங்கன் நாடுகளுக்குக் குறுகியகால விசாவில் போனால், குறைந்தது 30,000 யூரோவுக்குக் காப்பீடு காட்ட வேண்டும். அமெரிக்காவில் இருக்கும் பிள்ளைகளைப் பார்க்கப் போகும் பெற்றோருக்கு அரசுக் காப்பீடு எதுவும் கிடையாது. பார்வையாளர் காப்பீடு எடுக்கும்போது, சர்க்கரை, பிபி போன்ற பழைய நோய்களுக்கு என்ன விதி என்று படித்துப் பார்ப்பது அவசியம்.

'விசிட் விசாவில் போ, அங்கே போய் மாத்திக்கலாம்'

மேலே சொன்ன எல்லாப் பாதுகாப்பும் உடைந்துபோகும் இடம் இதுதான். விசிட் விசாவில் போகிறவர் சட்டத்தின் பார்வையில் தொழிலாளி இல்லை. முதலாளி எடுக்கும் காப்பீடு இல்லை. இ-மைக்ரேட் பதிவு இல்லை, அதனால் பீமா யோஜனாவும் இல்லை. சாரத்தில் இருந்து விழுந்தால்கூட, 'அவர் எங்க ஆளே இல்லை' என்று கம்பெனி கைவிரிக்க முடியும். விமான டிக்கெட், விசா எல்லாம் ஏஜென்ட் பார்த்துக்கொள்கிறார் என்பதால் இது லாபம் போலத் தெரியும். ஒரு விபத்து நடந்தால் அந்தக் கணக்கு தலைகீழாகிவிடும்.

ஏஜென்ட் பதிவு பெற்றவரா என்பதை இ-மைக்ரேட் தளத்திலேயே பார்க்கலாம். தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் சென்னை கிண்டியில் இருக்கிறது. அதன் வழியாகவும் விண்ணப்பிக்கலாம்.

வேலையில் அடிபட்டால்?

நோய் வேறு, வேலைவிபத்து வேறு. பல நாடுகளில் வேலையில் ஏற்படும் காயத்துக்கு மருத்துவக் காப்பீட்டைத் தாண்டி தனிச் சட்டம் இருக்கிறது. அமீரகத்தின் தொழிலாளர் சட்டப்படி, வேலையில் அடிபட்டவரின் சிகிச்சைச் செலவு முதலாளி பொறுப்பு. சிகிச்சைக் காலத்தில் 6 மாதம் வரை முழுச் சம்பளம், அடுத்த 6 மாதம் பாதிச் சம்பளம். மரணம் நேர்ந்தால் 24 மாத அடிப்படைச் சம்பளம் இழப்பீடு. அது 18,000 திர்ஹாமுக்குக் குறையக் கூடாது, 2 லட்சம் திர்ஹாமுக்கு மிகாது. சிங்கப்பூரிலும் வேலைவிபத்து இழப்பீட்டுக்குத் தனிச் சட்டம் உண்டு.

அதனால் அடிபட்டவுடன் செய்ய வேண்டியது ஒன்று. 'ரூமில் வழுக்கி விழுந்தேன்னு சொல்லிடு' என்று யார் சொன்னாலும் ஒப்புக்கொள்ளக் கூடாது. டாக்டரிடம் நடந்ததை நடந்தபடி சொல்லி, மருத்துவக் குறிப்பில் பதிவாக வேண்டும். பிற்பாடு இழப்பீடு கேட்க அந்தக் குறிப்புதான் பெரிய ஆதாரம்.

பணமில்லாமல் மாட்டிக்கொண்டால் யாரைக் கேட்பது?

• இந்தியத் தூதரகங்களில் 2009 முதல் இந்திய சமூக நல நிதி இருக்கிறது. வசதியில்லாத இந்தியர்களின் அவசர சிகிச்சைக்கும், உடலை ஊருக்குக் கொண்டுவரவும் தகுதி பார்த்து உதவுவார்கள்.
• அமீரகத்தில் இருப்பவர்களுக்கு இந்தியர் உதவி மையத்தின் கட்டணமில்லா எண்: 800 46342.
• புகார்களை வெளியுறவுத் துறையின் 'மதத்' தளத்தில் பதியலாம். ஊரில் இருக்கும் குடும்பத்தாரும் பதியலாம்.
• தமிழ்நாடு அரசின் அயலகத் தமிழர் நலத்துறை: இந்தியாவுக்குள் இருந்து 1800 309 3793, வெளிநாட்டிலிருந்து 80690 09901. அயலகத் தமிழர் நல வாரியத்தில் உறுப்பினராகப் பதிவு செய்பவர்கள் விபத்து, தீவிர நோய்க் காப்பீடுகளிலும் சேரலாம்.

ஊரில் 108, அங்கே என்ன நம்பர்?

அமீரகம் 998, சவுதி 997, குவைத் 112, கத்தார் 999, பஹ்ரைன் 999, ஓமன் 9999, சிங்கப்பூர் 995, மலேசியா 999.

கிளம்பும் முன் ஒரு செக் லிஸ்ட்

1. விசா 'எம்ப்ளாய்மென்ட்' விசாவா, விசிட் விசாவா? முதலில் இதைப் பாருங்கள்.
2. ஒப்பந்தத்தில் மருத்துவச் செலவு யார் பொறுப்பு என்று எழுத்தில் இருக்கிறதா?
3. பீமா யோஜனா பாலிசி நகல், பாஸ்போர்ட் நகல், ஒப்பந்த நகல், கம்பெனி போன் நம்பர். இவை நான்கும் வீட்டில் ஒரு கவரில் இருக்கட்டும்.
4. பாலிசியில் நாமினி பெயர் சரியாக இருக்கிறதா? கல்யாணத்துக்குப் பிறகு மாற்றினீர்களா?
5. தினமும் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் டாக்டர் சீட்டோடு, மாத்திரையை அதன் அட்டையிலேயே கொண்டுபோக வேண்டும். டிரமடால், கோடீன் கலந்த வலி மருந்துகளை அமீரகத்துக்கு முன் அனுமதி இல்லாமல் கொண்டுபோனால் போலீஸ் வழக்கு வரை போகலாம்.
6. இறங்கியதும் இன்சூரன்ஸ் கார்டைக் கேட்டு வாங்குங்கள். கார்டை போட்டோ எடுத்து வீட்டுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள். எந்த ஆஸ்பத்திரிகளில் அது செல்லும் என்ற பட்டியலையும் கேளுங்கள்.

கரடியூரில் இருக்கும் அம்மாவுக்கு அங்கிருந்து ஒரு போன் வருகிறது, பையன் ஆஸ்பத்திரியில் இருக்கிறான் என்று. அந்த நேரத்தில் பாலிசி நம்பரைத் தேட முடியாது. அலமாரியில் இருக்கும் அந்த ஒரு கவரும், போனில் இருக்கும் அந்த ஒரு போட்டோவும் அப்போது கைகொடுக்கும். 275 ரூபாய் பாலிசியில் பெயர் இருப்பது வீட்டுக்குத் தெரிந்திருந்தால்தான், அந்த 10 லட்சத்தைக் கேட்கவே முடியும்.