மீயிணைப்பும் பதிப்புரிமையும்

ஓர் இணையப் பக்கத்திலிருந்து வேறொரு தளத்திலுள்ள ஆக்கத்துக்கு இணைப்புக் கொடுப்பது அதன் பதிப்புரிமையை மீறுவதாகுமா என்பது இணையச் சட்டத்தின் முக்கிய கேள்விகளுள் ஒன்றாகும். மீயிணைப்பு ஆக்கத்தைப் படியெடுப்பதில்லை. அது இருக்கும் முகவரியை மட்டுமே தருகிறது. எனவே உரிமையாளரே அனைவருக்கும் திறந்து வைத்துள்ள ஆக்கத்துக்கு இணைப்புக் கொடுப்பது பொதுவாக மீறலாகக் கருதப்படுவதில்லை. திருட்டுப் படி என்று அறிந்தே அதற்கு இணைப்புக் கொடுப்பது சட்டப் பொறுப்பை ஏற்படுத்தக்கூடும்.

எது காக்கப்படுகிறது

இந்தியாவில் பதிப்புரிமைச் சட்டம், 1957 நடைமுறையில் உள்ளது. இச்சட்டம் கருத்தையோ தகவலையோ காப்பதில்லை. அவை வெளிப்படுத்தப்பட்ட வடிவத்தையே காக்கிறது. இதனை உச்ச நீதிமன்றம் 1978 இல் ஆர். ஜி. ஆனந்த் வழக்கில் உறுதி செய்தது.

பழவேற்காடு ஏரியை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். ஏரியின் மீன்பிடி இடங்களை மீனவக் குப்பங்கள் முறைவைத்துப் பகிர்ந்துகொள்ளும் வழக்கம் 'பாடு' எனப்படுகிறது. இம்முறை எவருடைய பதிப்புரிமைக்கும் உட்பட்டதன்று; மீனவரும் மாணவரும் இதனைத் தம் சொற்களில் எழுதலாம். ஆனால் பாடு பற்றி ஓர் ஆய்வாளர் எழுதிய கட்டுரையின் சொல்லமைப்பு அவருக்குரியது. ஏரியில் வலை வீசும் மீனவரின் ஒளிப்படத்துக்கு ஆக்குநர் அப்படத்தை எடுத்தவரே. படத்தில் இருப்பதனால் மட்டும் மீனவருக்குப் பதிப்புரிமை கிடைப்பதில்லை. எழுத்தாக்கங்களுக்கு ஆசிரியரின் வாழ்நாளும் அவர் இறந்த பின் 60 ஆண்டுகளும் பாதுகாப்பு உண்டு. 2012 திருத்தத்துக்குப் பின் ஒளிப்படங்களுக்கும் இதே காலவரம்பு பொருந்தும்.

இணைப்பின் வகைகள்

* எளிய இணைப்பு: சொடுக்கும் வாசகர் மூலத் தளத்துக்கே செல்கிறார்.
* உட்பொதித்தல்: படம் மூலத் தளத்தின் வழங்கியிலிருந்தே வருகிறது, எனினும் இணைத்தவரின் பக்கத்துக்குள் தோன்றுகிறது.
* படியெடுத்தல்: கோப்பு தரவிறக்கப்பட்டு வேறு வழங்கியில் ஏற்றப்படுகிறது. இது இணைப்பு அன்று. மூலத் தளத்தின் பெயரைக் குறிப்பிடுவது ஒப்புதலுக்கு ஈடாகாது.

இந்தியச் சட்டம்

2012 இல் திருத்தப்பட்ட 52(1)(சி) பிரிவு, மின்னணு இணைப்பு அல்லது அணுக்கம் வழங்கும் பொருட்டு நிகழும் தற்காலிகச் சேமிப்பை மீறலாகக் கருதுவதில்லை. உரிமையாளர் அதனை வெளிப்படையாகத் தடை செய்திருந்தாலோ, மீறிய படி என்பதைப் பொறுப்பாளர் அறிந்திருந்தாலோ, அவ்வாறு நம்பத் தக்க காரணம் இருந்தாலோ இவ்விலக்குப் பொருந்தாது. உரிமையாளர் எழுத்து மூலம் முறையிட்டால் 21 நாட்களுக்கு அணுக்கத்தை நிறுத்தி வைக்க வேண்டும். அதற்குள் நீதிமன்ற ஆணை வராவிடில் அணுக்கத்தை மீண்டும் வழங்கலாம்.

சென்னை உயர் நீதிமன்ற ஆணை

2012 இல் '3' என்னும் தமிழ்த் திரைப்படத்தின் தயாரிப்பாளர்கள் திருட்டுப் படிகளைத் தடுக்கச் சென்னை உயர் நீதிமன்றத்தில் ஆணை பெற்றனர். அதைத் தொடர்ந்து இணையச் சேவை நிறுவனங்கள் விமியோ உள்ளிட்ட பல தளங்களை முழுமையாக முடக்கின. மீறலுக்குத் தொடர்பில்லாத பயனர்களின் காணொளிகளும் இதனால் எட்டாமற் போயின. 2012 சூன் 22 அன்று நீதிமன்றம் தன் ஆணையைத் தெளிவுபடுத்தியது. மீறிய படி உள்ள குறிப்பிட்ட முகவரியை மட்டுமே தடுக்க வேண்டும், முழுத் தளத்தையும் அன்று என்றும், அம்முகவரியை முறையிடுபவரே தெரிவிக்க வேண்டும் என்றும் அது கூறியது.

பிற நாடுகளில்

ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றம் 2014 இல் சுவென்சன் வழக்கில், அனைவருக்கும் திறந்துள்ள ஆக்கத்துக்கான இணைப்பு அதனைப் புதிய மக்களிடம் கொண்டு செல்வதில்லை என்பதால் மீறல் ஆகாது எனத் தீர்ப்பளித்தது. 2016 இல் ஜிஎஸ் மீடியா வழக்கில், ஒப்புதலின்றி வெளியிடப்பட்ட ஆக்கத்துக்கு ஆதாய நோக்குடன் இணைப்புக் கொடுப்பவர் அதனை அறிந்தே கொடுத்தார் எனக் கொள்ளப்படும் என்றது. அவ்வாறு அறியவில்லை என்று நிறுவும் வாய்ப்பு அவருக்கு உண்டு.