காயலான் கடைக்குப் போகாத ஜீப்

எங்கள் மாமாவிடம் ஒரு ஜீப் இருக்கிறது. என்னைவிடப் பதினைந்து வயது மூத்தது. மாமா ஒடுகத்தூர் பக்கம் ஜவ்வாது மலையடிவாரத்தில் புளி, சாமை வாங்கி விற்கிறவர். லீவில் பள்ளிகொண்டாவிலிருந்து அங்கே போனால் எனக்குக் கிடைக்கும் முதல் வேலை, ஜீப்பைத் தள்ளுவது :-)

காலையில் அதை ஸ்டார்ட் செய்வது ஒரு பூஜை மாதிரி. ஹீட்டர் பிளக் சூடாகும்வரை இருபது எண்ண வேண்டும். அவசரப்பட்டு பதினைந்தில் சாவியைத் திருப்பினால் கோபித்துக்கொள்ளும். செல்ஃப் எடுக்கவில்லை என்றால் தள்ளித்தான் ஆகவேண்டும் என்பதால், மாமா எந்த ஊருக்குப் போனாலும் முதலில் சரிவான இடம் தேடித்தான் வண்டியை நிறுத்துவார். ஸ்டீரிங்கைக் கால் சுற்று சுற்றிய பிறகுதான் சக்கரம் "என்னையா கூப்பிட்டீங்க?" என்று கேட்கும். பிரேக் போட்டால் இடது பக்கம் இழுக்கும். மழை பெய்தால் தார்ப்பாய்க் கூரை டிரைவர் மடியில் மட்டும் குறி பார்த்து ஒழுகும்.

எந்தக் கம்பெனி வண்டி என்று கேட்டால் மாமாவே கொஞ்சம் யோசிப்பார். சேசிஸ் ஒரு வண்டியுடையது, இன்ஜின் வேறொன்றுடையது, கியர்பாக்ஸ் சென்னை புதுப்பேட்டையில் வாங்கியது. இதற்குமேல் எந்தக் கம்பெனியைக் குறை சொல்வது?

"ஏன் மாமா, இதைக் காயலான் கடையில போட்டுட்டு புதுசு வாங்கக் கூடாதா?" என்று ஒருமுறை கேட்டேன். "மலையில புது வண்டி நின்னா லேப்டாப் வேணும். இது நின்னா ஸ்பேனர் போதும்டா" என்றார்.

அந்தப் பதில் எனக்குள் சுற்றிக்கொண்டே இருந்தது. ஒரு வண்டி எப்படி இத்தனை வருடம் சாகாமல் இருக்கிறது? தேடிப் படித்ததில் கிடைத்ததுதான் இந்தக் கட்டுரை.

49 நாளில் ஒரு வண்டி

ஜீப் சண்டைக்காகப் பிறந்தது. 1940ல் ஐரோப்பாவில் போர் முற்றியபோது, நாலு சக்கரமும் இழுக்கிற சின்ன வண்டி ஒன்று வேண்டும் என்று அமெரிக்க ராணுவம் 135 கம்பெனிகளைக் கேட்டது. மாதிரி வண்டியை 49 நாளில் கொடுக்க வேண்டும் என்பது நிபந்தனை. முன்வந்தவை பேன்டம், வில்லிஸ் என்ற இரண்டு கம்பெனிகள்தான். நொடித்துப்போகும் நிலையில் இருந்த பேன்டம், கார்ல் ப்ராப்ஸ்ட் என்ற இன்ஜினியரைப் பிடித்தது. அவர் இரண்டே நாளில் வரைபடம் போட்டார். 1940 செப்டம்பர் 23ல் வண்டி ராணுவத்திடம் போய்ச் சேர்ந்தது.

ஆனால் பெரிய ஆர்டர் வில்லிஸுக்கும் ஃபோர்டுக்கும் போய்விட்டது. அவ்வளவு வண்டிகளைச் செய்ய பேன்டத்துக்கு வசதி பத்தாது என்று ராணுவம் நினைத்தது. போர் முடிவதற்குள் இரண்டு கம்பெனிகளும் சேர்ந்து ஆறு லட்சத்துக்கும் மேல் செய்து தள்ளின.

இதில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. வில்லிஸ் வண்டியின் பாகம் ஃபோர்டு வண்டிக்கும் பொருந்த வேண்டும் என்பது ராணுவத்தின் கட்டளை. ஃபோர்டு தன் பெருமைக்காக போல்ட்டுகளில்கூட 'எஃப்' எழுத்தைப் பொறித்தது. ஆனால் அந்த போல்ட்டு வில்லிஸ் வண்டியிலும் கச்சிதமாக உட்கார்ந்தது. குண்டு பட்டு நின்ற மூன்று ஜீப்பைப் பிரித்தால் ஓடுகிற ஜீப் ஒன்றைக் கட்டிவிடலாம். ஆக, மாமாவின் 'அவியல்' ஜீப் ஒன்றும் புது விஷயமில்லை. ஜீப்பை முதலில் யோசித்தவர்களே அப்படித்தான் யோசித்திருக்கிறார்கள்!

பழைய ஜீப் பெற்ற பிள்ளை

போர் முடிந்ததும் மிச்சமான ஜீப்கள் உலகமெங்கும் மலிவாக விற்கப்பட்டன. இங்கிலாந்தில் ரோவர் கார் கம்பெனியின் தலைமை இன்ஜினியர் மாரிஸ் வில்க்ஸ் தன் பண்ணைக்கு ஒன்றை வாங்கினார். உழுவதற்கும் இழுப்பதற்கும் அதுதான். வண்டி தேயத் தேய ஒரு கவலை வந்தது. இது போனால் வேறென்ன வாங்குவது? இன்னொரு ஜீப்பைத் தவிர வேறு வழியே இல்லையே!

அந்தக் கவலையில் பிறந்ததுதான் லேண்ட் ரோவர். 1947ல் முதல் மாதிரியை ஜீப் சேசிஸ் மேலேயே கட்டினார்கள். 1948 ஏப்ரலில் ஆம்ஸ்டர்டாம் கண்காட்சியில் அது வெளியானது. பழுதாகும் ஒரு ஜீப்போடு மல்லுக்கட்டிய மனிதரால் உலகத்துக்கு இன்னொரு வண்டி கிடைத்தது.

நம் நாட்டுக்கு வந்த ஜீப்

1945 அக்டோபர் 2ல் இரண்டு மஹிந்திரா சகோதரர்களும் மாலிக் குலாம் முகமதுவும் சேர்ந்து ஓர் இரும்பு வியாபாரக் கம்பெனி தொடங்கினார்கள். பெயர் 'மஹிந்திரா அண்ட் முகமது'. பிரிவினைக்குப் பிறகு குலாம் முகமது பாகிஸ்தானின் முதல் நிதி அமைச்சரானார். 1948ல் கம்பெனியின் பெயர் 'மஹிந்திரா அண்ட் மஹிந்திரா' என்று மாறியது. வில்லிஸ் ஜீப்பின் பாகங்களைக் கப்பலில் வரவழைத்து பம்பாயில் பூட்டத் தொடங்கியதும் அந்த நாட்களில்தான்.

அதே காலத்தில் பழைய ஜீப்பால் ஒரு பெரிய மானக்கேடும் நடந்தது. சுதந்திர இந்தியாவின் முதல் ஊழல் புகார் என்று பலர் சொல்வது ஜீப் ஊழலைத்தான். 1948ல் காஷ்மீரில் சண்டை நடந்தபோது ராணுவத்துக்கு அவசரமாக ஜீப் தேவைப்பட்டது. லண்டனில் இந்தியத் தூதராக இருந்த வி.கே. கிருஷ்ண மேனன், பழுது பார்த்துப் புதுப்பித்த ஜீப்களுக்காக ஒரு வெளிநாட்டு நிறுவனத்தோடு சுமார் 80 லட்ச ரூபாய்க்கு ஒப்பந்தம் போட்டார். பெரும்பகுதிப் பணம் முன்கூட்டியே போனது. வந்து இறங்கியவை 155 வண்டிகள். அவையும் ஓட லாயக்கில்லாதவை என்று ராணுவம் கைவிரித்தது. நாடாளுமன்றத்தில் பெரிய சண்டையே நடந்தது. 1955 செப்டம்பர் 30ல் உள்துறை அமைச்சர் கோவிந்த வல்லப பந்த், அரசைப் பொறுத்தவரை விவகாரம் முடிந்துவிட்டது என்று அறிவித்தார். அடுத்த ஆண்டே மேனன் மத்திய அமைச்சரானார்.

இதைப் படித்தபோது மாமாவின் ஜீப்தான் ஞாபகம் வந்தது. அதுவும் பழுது பார்த்த வண்டி. அந்த 155ம் பழுது பார்த்த வண்டிகள். ஒன்று ஓடுகிறது, மற்றவை ஓடவில்லை. வித்தியாசம் எங்கே? மாமா ஜீப்பின் பிரேக்கைச் சரிபார்க்கும் மெக்கானிக் பாய், வேலை முடிந்ததும் அதில் ஏறி உட்கார்ந்து மலைப்பாதையில் ஒரு நடை போய்வருவார். அந்த 155 வண்டிகளைப் புதுப்பித்தவர்கள் அவற்றில் காஷ்மீருக்குப் போகப் போவதில்லை. யார் பழுது பார்த்தார், அவருக்கு அந்த வண்டியோடு என்ன உறவு என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

ஸ்பேனர் படித்த பாடம்

1952 அக்டோபர் 2ல் சமுதாய வளர்ச்சித் திட்டம் தொடங்கியது. பி.டி.ஓ. என்றால் ஜீப், ஜீப் என்றால் பி.டி.ஓ. என்று கிராமங்கள் பழகின. போலீஸ், வனத்துறை, ஆரம்ப சுகாதார நிலையம் எல்லாவற்றுக்கும் ஜீப்தான். அரசாங்கம் ஊருக்குள் வரும்போது முதலில் தெரிவது புழுதி, அப்புறம் ஜீப் என்று என் தாத்தா சொல்வார்.

அப்போது ஓடியவற்றில் முக்கியமானது சி.ஜே. 3பி. அமெரிக்காவில் 1953ல் வந்த இந்த மாடலின் பானெட் கொஞ்சம் உயரமாக இருக்கும். உள்ளே இருந்த 2.2 லிட்டர் ஹரிக்கேன் இன்ஜின் முந்தையதைவிட உயரம், அதனால் மூடியை உயர்த்த வேண்டி வந்தது. அமெரிக்காவில் 1968ல் இது நின்றுபோனது. இங்கே அதன் பிறகும் வந்துகொண்டிருந்தது.

இந்த வண்டிகளுக்கு விசித்திரமான குணங்கள் உண்டு. வைப்பர் இன்ஜினின் காற்று உறிஞ்சும் சக்தியில் ஓடும். மேட்டில் ஆக்ஸிலேட்டரை அழுத்தினால் அந்த உறிஞ்சல் குறையும். மலையேறும்போது, அதுவும் கொட்டும் மழையில், வைப்பர் தூங்கிவிடும்! வெயிலில் பெட்ரோல் குழாயிலேயே ஆவியாகி வண்டி நின்றுவிடும். ஈரத்துணியை பம்பில் சுற்றிக் காத்திருப்பார்கள். ஹேண்ட் பிரேக் சக்கரத்தைப் பிடிக்காது, பின்னால் போகும் சுழல் தண்டைத்தான் பிடிக்கும்.

1973ல் எண்ணெய் விலை ஏறியதும் பெட்ரோல் ஜீப்பை வைத்திருப்பது யானையைக் கட்டித் தீனி போடுவதுபோல ஆனது. பட்டறைகளில் பெட்ரோல் இன்ஜினை இறக்கிவிட்டு டீசல் இன்ஜினை ஏற்றினார்கள். வேன் இன்ஜின், டிராக்டர் இன்ஜின் எல்லாம் ஜீப்புக்குள் நுழைந்தன. கம்பெனியே ஜீப்புக்கு டிராக்டர் குடும்பத்து டீசல் இன்ஜினையும், பின்னர் பிரான்சின் பெஜோ வடிவமைப்பு டீசல் இன்ஜினையும் வைத்தது.

இந்த மாற்று வேலைகளை அன்றைய மெக்கானிக்குகள் புத்தகம் பார்த்துக் கற்கவில்லை, கையால் கற்றார்கள். ஒரு சின்ன உதாரணம். டீசல் தீர்ந்து வண்டி நின்றால் மறுபடி ஊற்றினால் மட்டும் ஓடாது. குழாயில் காற்று புகுந்திருக்கும். ஃபில்டர் மேலுள்ள ஸ்குருவைத் தளர்த்தி, கைப் பம்பை அடிக்க வேண்டும். முதலில் நுரை வரும். நுரை நின்று சுத்த டீசல் வந்ததும் ஸ்குருவை முறுக்க வேண்டும். நான் ஒன்பதாவது படிக்கும்போது பாய் கற்றுக்கொடுத்தார். பரீட்சைக்குப் படித்தது எல்லாம் மறந்துவிட்டது, இது மறக்கவில்லை.

எங்கள் பகுதிக்கே உரிய ஒரு வித்தையும் உண்டு. காற்றடிக்கும் பம்பில் தோல் வாஷர் இருக்கும். அது காய்ந்துபோனால் பம்ப் அடிக்காது. ஆம்பூர், பேரணாம்பட்டு, வாணியம்பாடி என்று சுற்றிலும் தோல் தொழிற்சாலைகள் இருக்கும் ஊரில் தோல் துண்டுக்கா பஞ்சம்? பாய் ஒரு துண்டை வட்டமாக வெட்டி, எண்ணெயில் ஊறவைத்து, கிண்ணம்போல மடக்கிப் பொருத்திவிடுவார். செலவு ஒரு டீ.

கீழே நெடுஞ்சாலை, மேலே?

பழைய வண்டியை ரசிப்பது வேறு, அதை நம்பி வாழ்வது வேறு. டார்ஜிலிங் பக்கம் மானேபஞ்சாங்கிலிருந்து 3636 மீட்டர் உயரமுள்ள சந்தக்பு வரை 1950களின் லேண்ட் ரோவர்கள் பல பத்தாண்டுகள் ஓடின. ஆங்கிலேயத் தோட்டக்காரர்கள் விட்டுப்போன வண்டிகள் அவை. நம் தேனி மாவட்டத்துக் கொழுக்குமலைக்கு வண்டிப்பாதை கேரளத்துச் சூரியநெல்லி வழியாகத்தான். அந்தக் கல் பாதையில் ஜீப்தான் ஏறும்.

சுற்றுலா போகிறவர்களுக்கு அது சாகசம். அங்கேயே வாழ்கிறவர்களுக்கு? பள்ளிகொண்டாவைத் தொட்டுக்கொண்டு சென்னை-பெங்களூர் நெடுஞ்சாலை போகிறது. டோல்கேட்டில் இரவும் பகலும் வண்டிகள் பறக்கின்றன. அதே அணைக்கட்டு வட்டாரத்து மலைக்கிராமங்கள் பலவற்றில் 2023லும் ஒழுங்கான சாலை இல்லை. 2023 மே மாதம் அல்லேரி மலையில் ஒன்றரை வயதுக் குழந்தையைப் பாம்பு கடித்தது. ஆஸ்பத்திரி போய்ச் சேரும் முன்பே குழந்தை இறந்துவிட்டது. சாலை இல்லாததால் தாய் அந்த உடலைத் தூக்கிக்கொண்டு நடந்தே மலையேற வேண்டி வந்தது. பேப்பரில் படித்த அன்று மாமா சாப்பிடவே இல்லை. இப்படிப்பட்ட ஊர்களில் ஓடுகிற நிலையில் ஒரு பழைய ஜீப் நிற்பது சில சமயம் ஓர் உயிரின் விலை.

அதற்காகப் பழைய ஜீப்தான் தீர்வு என்று நான் சொல்லவில்லை. அது புகை கக்குகிறது. சீட் பெல்ட் கிடையாது. அளவுக்கு மீறி ஆள் ஏற்றினால் கவிழும். தீர்வு சாலைதான். சாலை வரும்வரை ஜீப் வேண்டும்.

கடைசியாக...

பழைய வண்டிகளுக்கு நேரம் நெருங்குகிறது. 2023 ஏப்ரல் 1 முதல் 15 வருடம் தாண்டிய அரசு வண்டிகளின் பதிவு ரத்தாகும் என்று மத்திய அரசு விதி செய்தது. தாத்தா சொன்ன புழுதி ஜீப்கள் அதோடு முடிந்தன. தனியார் கார், ஜீப்புக்கு 15 வருடத்துக்குப் பின் பதிவைப் புதுப்பிக்கும் கட்டணம் 600 ரூபாயாக இருந்தது. 2022 ஏப்ரலில் அது 5000 ஆனது. 2025 ஆகஸ்டில் 20 வருடம் தாண்டியவற்றுக்கு 10,000 ஆனது. காற்று மாசு பற்றிய கவலை நியாயமானது, நான் மறுக்கவில்லை.

ஆனால் எனக்கு வண்டியைவிடப் பெரிய கவலை ஒன்று இருக்கிறது. மெக்கானிக் பாய்க்கு வயதாகிவிட்டது. கண் சரியாகத் தெரியவில்லை. அவர் மகன் ஷூ கம்பெனியில் சூப்பர்வைசர். பட்டறைக்கு வர மாட்டான், வரவேண்டும் என்று பாயும் சொல்ல மாட்டார். இன்ஜின் சத்தத்தைக் கேட்டே "மூணாவது நாசில் போச்சு" என்று சொல்லும் அந்தக் காது அவரோடு போய்விடும். வண்டியைக் காயலான் கடையில் எடைக்குப் போடலாம். அந்தக் காதை எந்தத் தராசில் வைப்பது?

போன மாதம் ஊருக்குப் போனபோது கமான் பட்டை உடைந்து ஜீப் பட்டறையில் நின்றது. பாய் கூப்பிட்டார். "தம்பி, கண்ணாடி போட்டும் தெரியல. நீ நட்டைக் கழட்டு, நான் சொல்றேன்." மாலைவரை அவர் சொல்ல நான் கழற்றினேன். கை முழுக்க கிரீஸ். புதுப் பட்டை மாட்டி இறக்கியதும் பாய் வழக்கம்போல முன் சீட்டில் ஏறி உட்கார்ந்தார்.

"நீ பூட்டின நட்டு. நீயும் ஏறு" என்றார்.

ஏறினேன். மலைப்பாதையில் முதல் பள்ளத்தில் வண்டி இறங்கியபோது என் மனசு அந்த நட்டிலேயே இருந்தது. பழுது பார்ப்பது என்றால் என்னவென்று அப்போதுதான் புரிந்தது.

உங்கள் ஊரிலும் இப்படி ஒரு கிழட்டு வண்டியும் ஒரு கிழட்டு மெக்கானிக்கும் இருப்பார்கள். இருவரும் இருக்கும்போதே ஒருநாள் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள்.