ராஜன் மகாதேவன்

ராஜன் மகாதேவன் (பிறப்பு: 1957, சென்னை) நினைவாற்றலுக்காக உலக அளவில் அறியப்பட்ட இந்திய உளவியலாளர் ஆவார். 1981 சூலை 5 அன்று மங்களூரில் பை என்னும் கணித மாறிலியின் 31,811 இலக்கங்களை நான்கு மணி நேரத்திற்குள் நினைவிலிருந்து ஒப்பித்துக் கின்னஸ் சாதனை படைத்தார். 1987 இல் ஜப்பானியரான இதேயாக்கி தொமொயோரி 40,000 இலக்கங்களைக் கூறி இதனை முறியடித்தார். எனினும் இவர் மீது நடத்தப்பட்ட ஆய்வுகளே சாதனையை விட முக்கியமானவை.

நினைவில் வைக்கும் முறை

கேட்டவுடன் திருப்பிச் சொல்லக்கூடிய இலக்கங்கள் பொதுவாக ஒருவருக்கு ஏழு அளவில் இருக்கும். ராஜனுக்கோ தொடக்கத்திலேயே ஏறத்தாழ இருமடங்கு இயன்றது. பின்னர் அது மேலும் பெருகியது. சில எண்களை அவர் ஏற்கனவே அறிந்த செய்திகளோடு இணைத்துக்கொள்வார். 312 அவருக்குச் சிகாகோவின் தொலைபேசிக் குறியீடு. சென்னைவாசிக்கு 044 போல.

இது எண்களுக்கு மட்டும் உரியதன்று. பரங்கிமலை, பழவந்தாங்கல், மீனம்பாக்கம், திரிசூலம், பல்லாவரம், குரோம்பேட்டை, தாம்பரம் சானடோரியம், தாம்பரம் ஆகிய எட்டுப் பெயர்களும் புறநகர் ரயிலில் நாள்தோறும் செல்பவருக்கு ஒரே தொடர். ஊருக்குப் புதியவருக்கு அவை எட்டுத் தனித்தனிச் சொற்கள்.

பிறவிக் கொடையா, பயிற்சியா?

அமெரிக்காவின் கன்சாஸ் மாநிலப் பல்கலைக்கழகத்தில் இவரை ஆராய்ந்த தாம்ப்சன், கோவன், ஃபிரீமன் ஆகியோர், எண்களையும் எழுத்துக்களையும் நினைவில் கொள்ளும் இவரது திறன் பிறவியிலேயே அமைந்தது என 1993 இல் முடிவு கூறினர். ஆனால் பொருட்களின் இடத்தை நினைவில் கொள்வதில் இவர் மற்றவர்களை விட மேம்பட்டவரல்லர் என்பதை 1992 இல் வெளிவந்த ஓர் ஆய்வு முன்னரே காட்டியிருந்தது.

ஆண்டர்ஸ் எரிக்சனும் குழுவினரும் இலக்கங்களுக்குப் பதிலாக அவர் பழகியிராத பத்துக் குறிகளைக் கொடுத்துச் சோதித்தனர். அப்போது அவரது அளவு ஏறத்தாழ ஆறாகக் குறைந்தது, அதாவது சாதாரணக் கல்லூரி மாணவரின் அளவு. ஒவ்வொரு குறியையும் ஓர் இலக்கமாக மாற்றிக்கொள்ளப் பழகிய பின்னர் அது மீண்டும் உயர்ந்தது. பையை மனனம் செய்யச் செலவிட்ட ஏறத்தாழ ஆயிரம் மணி நேரப் பயிற்சியே இத்திறனுக்குக் காரணம் என 2004 இல் அவர்கள் வாதிட்டனர். தம்மைப் பற்றிய அக்கட்டுரையின் ஆசிரியர்களுள் ராஜனும் ஒருவர் என்பது குறிப்பிடத்தக்கது.