தாயும் சேயும் தாதிப் படிப்பும்

பங்கு மக்களே, நம் பெண்பிள்ளைகள் நர்ஸ் படிப்புக்குச் செல்வது இன்று சாதாரணம். பேறுகால மருத்துவம் கன்னியருக்கே விலக்கப்பட்டிருந்த காலம் ஒன்று உண்டு.

ராவல்பிண்டியில் கோஷா முறையில் வாழ்ந்த பெண்கள் ஆண் மருத்துவரிடம் தங்களைக் காட்டமாட்டார்கள். பெண் மருத்துவரோ அரிது. பேறுகாலத்தில் தாயும் சேயும் வீட்டுக்குள்ளேயே மாண்டனர். ஸ்காட்லாந்து மருத்துவர் ஆக்னஸ் மக்லாரன் அம்மையார் முயற்சியால் அங்கே பெண்களுக்கென மருத்துவமனை எழுந்தது. கன்னியர் பிரசவம் பார்க்க அனுமதி கேட்டு அவர் உரோமைக்குப் பலமுறை விண்ணப்பித்தார். 1913-ல் அதைக் காணாமலே இறந்தார்.

அவர் வழிகாட்ட மருத்துவம் கற்ற ஆஸ்திரியப் பெண் அன்னா டெங்கல், 1925-ல் அமெரிக்காவில் மருத்துவ மறைபரப்புக் கன்னியர் சபையைத் தொடங்கினார். அன்று சென்னை மாகாணத்திலிருந்த குண்டூரிலோ, ஆஸ்திரேலிய மருத்துவர் சகோதரி மேரி குளோரி, பாப்பரசர் 15-ம் ஆசீர்வாதப்பரின் தனி உத்தரவு பெற்றே பணிசெய்தார். ஊர்ப் பெண்களையே தாதியராகவும் மருத்துவச்சிகளாகவும் பழக்கினார். வெளியூரார் போய்விடுவார்கள், ஊர்ப்பெண் இருப்பாள் அல்லவா?

1936 பிப்ரவரி 11, லூர்து அன்னை திருநாள். மறைநாடுகளின் தாய் சேய் நலத்துக்காகக் கன்னியர் மருத்துவமும் தாதிப் படிப்பும் முறையாகக் கற்று, சான்றிதழ் பெறவேண்டுமென உரோமை அன்று பணித்தது. சான்றிதழ் என்பதைக் கவனியுங்கள். தொப்புள்கொடியைச் சுத்தமாக அறுக்கத் தெரியாத பக்தி எந்தப் பிள்ளையையும் காக்காது. மக்லாரன் அம்மையார் இறந்து 23 ஆண்டுகள் கழிந்திருந்தன. குருவாகிய எனக்கே இத்தாமதம் உறுத்துகிறது.

1943-ல் சகோதரி குளோரி இந்தியக் கத்தோலிக்க மருத்துவமனைகளைச் சங்கமாக இணைத்தார்.